கரையில் நிற்பவர் கையில் கயிறு

நீங்கள் கேட்டிருப்பது இது: நீங்களும் உங்கள் மனைவியும் 34 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இரண்டு கோடைக்காலம் செசபீக் விரிகுடாவுக்குள் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். இந்த இலையுதிர் காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி மியாமி வரை, இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்ற கரையோர உள்நீர்ப் பாதை வழியே போக ஆசை. வழியில் ஒருவரையும் தெரியாது. படகு எங்காவது மாட்டிக்கொண்டால், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், யார் வருவார்கள்? தொலைபேசி எண்களின் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். உங்கள் கேள்வியின் கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்: "எங்களைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரியும், அதனால்தான் என் மனைவி தயங்குகிறாள்." முன்பின் தெரியாத ஊர்க்காரர்களை நம்பி இரண்டு பேர் கிளம்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

கிளம்பலாம். ஆனால் அந்த நம்பிக்கையை எதன் மேல் வைப்பது, எதன் மேல் வைக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் என் மனைவியும் இந்த வழியில் மூன்று முறை தெற்கே போய்த் திரும்பியிருக்கிறோம். வார இறுதிகளில் புதியவர்களுக்குப் பாய்மரம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். நீரைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களைப் பற்றிச் சொல்வது நாங்கள் இருவரும் கண்ட அளவு. சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஒரு படகுக்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவு மட்டுமே. நான் வழக்கறிஞன் இல்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நார்ஃபோக்கில் மைல் 0. மியாமிக்கு ஏறக்குறைய 1,095 மைல், அதுவும் நிலத்து மைல் கணக்கில். ஆறு, கால்வாய், காயல், சதுப்பு நில ஓடை எல்லாவற்றையும் கோத்து அமைத்த பாதை இது. வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனையை வெளிக்கடலில் சுற்றாமல் உள்ளே இறங்கிவிடலாம் என்பதே இதன் பெரிய லாபம். வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு எதிராக வாடைக் காற்று வீசினால் அங்கே அலை செங்குத்தாக எழும். 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று அந்தப் பகுதிக்குப் பெயரே உண்டு. உள்வழியில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பாய் விரித்து ஓடும் நேரம் குறைவு, பெரும்பாலும் இன்ஜின்தான். ஒரு நாளில் 40 முதல் 50 மைல் போனால் நல்ல நாள். இரவில் ஓட்டவே கூடாது. நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மியாமி வரை 10 அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது அரசுக் கணக்கு. தூர்வாரப் பணம் வராத இடங்களில், முக்கியமாகக் கழிமுகங்களை ஒட்டிய இடங்களில், அதில் பாதிகூட இருக்காது. ஆகவே ஒருமுறையாவது தரை தட்டும் என்ற கணக்கோடே கிளம்புங்கள்.

இந்த வழியில் பழகப் பழக எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று. படகுகள் காத்திருக்க வேண்டிய இடங்களில்தான் இந்தக் கரையின் அன்பு வேர் பிடித்திருக்கிறது. லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) திறக்கக் காத்திருக்கும் இடம், பாலம் திறக்கக் காத்திருக்கும் இடம், காற்று அடங்கக் காத்திருக்கும் இடம். இதற்கு நல்ல உதாரணம் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி. டிஸ்மல் சுவாம்ப் கால்வாயில் இறங்கி வந்தால் பாஸ்குவோடாங்க் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. அதைத் தாண்டினால் ஆல்பமார்ல் சவுண்ட். கடல் போல அகலம், ஆனால் ஆழம் கிடையாது. ஆழம் இல்லாத அகன்ற நீரில் காற்று அடித்தால் அலை குட்டையாக, நெருக்கமாக, ஒன்று மூக்கில் இடிக்கும்போதே அடுத்தது வந்துவிடும். அதனால் வடக்கிலிருந்து வரும் சிறிய படகுகள் எல்லாம் அந்த ஊரில் ஓரிரு நாள் நின்றுதான் போகும்.

1983-இல் ஃப்ரெட் ஃபியரிங், ஜோ கிரேமர் என்ற இரண்டு பெரியவர்கள், துறையில் நிற்கும் படகுகளுக்கு ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். ஃபியரிங் பணி ஓய்வு பெற்ற தபால்காரர். கிரேமர் தன் வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களை வெட்டி வந்து படகில் வந்த பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அது வழக்கமாகி 'ரோஸ் படீஸ்' என்று பெயரும் வந்தது. 1987-இல் கிரேமர் இறந்த பிறகு அவர் வீட்டு ரோஜாச் செடிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து துறையோரம் நட்டார்கள். ஃபியரிங் 2007-இல் காலமாகும் வரை அந்தத் துறையின் முகமாக இருந்தார். நகரின் துறையில் 48 மணி நேரம் இலவசமாக நிற்கலாம் என்ற ஏற்பாட்டை நாங்களும் அனுபவித்திருக்கிறோம். முதல் முறை போனபோது, கயிறு கட்டி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் வந்து, "கடைக்குப் போகணுமா? என் வண்டி இருக்கிறது" என்றார். பெயர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பால், வாழைப்பழம், பத்து கிலோ அரிசி வாங்கி வந்தோம். அவ்வளவு அரிசியை இரண்டே பேர் எப்படித் தின்பீர்கள் என்று திரும்பும் வழியெல்லாம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இலவச நாட்கள் எத்தனை, இந்த ஆண்டு விருந்து உண்டா என்பதெல்லாம் மாறக்கூடிய விஷயங்கள். போகுமுன் நகர அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். அதே மாநிலத்தில் ஓரியன்டல் என்ற ஊரிலும் இப்படி ஓர் இலவசத் துறை உண்டு.

டிஸ்மல் சுவாம்ப் கால்வாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 22 மைல் நீளம். நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மரப்பட்டையிலும் இலையிலும் ஊறி வரும் சாயம் அது. இரு முனையிலும் லாக், டீப் க்ரீக்கில் ஒன்று, சவுத் மில்ஸில் ஒன்று. கதவை மூடி நீரை விட்டுப் படகை எட்டடி ஏற்றுவார்கள், மறுமுனையில் அதே அளவு இறக்குவார்கள். டீப் க்ரீக்கில் பல ஆண்டுகள் இருந்த ஒரு லாக் காப்பாளர், பஹாமாஸிலிருந்து திரும்பும் படகுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த சங்குகளை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். அவற்றை எடுத்து ஊதியும் காட்டுவார். இந்தக் கால்வாயை 1793 முதல் 1805 வரை கையாலேயே வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். தப்பி ஓடியவர்கள் இதே சதுப்புக் காட்டுக்குள் மறைந்து, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள் காட்டிய வழியிலும் கொடுத்த சோற்றிலும் பிழைத்து வடக்கே போனவர்களும் உண்டு. உங்கள் மனைவியின் தயக்கத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. இந்த நீருக்கு இரண்டு வரலாறும் உண்டு, இரண்டையும் தெரிந்துகொண்டு போவதே சரி.

சரி, கயிற்று விஷயம். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் நல்ல மனதோடு நீளும் கையால்தான் துறையில் அதிக சேதம் நடக்கிறது. நீங்கள் துறையை நெருங்கும்போது கரையில் நிற்கும் யாரோ ஒருவர் ஓடிவந்து கை நீட்டுவார். உங்கள் மனைவி முன்கயிற்றை வீசுவார். வந்தவர் தன் பலத்தையெல்லாம் சேர்த்து இழுப்பார். முன்பக்கம் துறையில் இடிக்கும், பின்பக்கம் வெளியே திரும்பும், பின்னால் நிற்கும் படகின் மேல் உங்கள் சுக்கான் போய்ச் சேரும். அவர் மேல் குற்றமே இல்லை. இழுத்தால் உதவி என்று நினைத்துவிட்டார். ஆகவே கயிற்றை வீசும் முன்பே வாயால் சொல்லுங்கள்: "இந்த வளையத்தை அந்தக் கட்டையில் மாட்டுங்கள், இழுக்க வேண்டாம், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." முதலில் கொடுப்பது நடுக்கயிறாக இருக்கட்டும், முன்கயிறு வேண்டாம். படகின் நடுவிலிருந்து போகும் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு மெதுவாக இன்ஜினை முன்னோக்கிப் போட்டால் படகு தானாகத் துறையோடு ஒட்டி நிற்கும். கட்டி முடித்ததும் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். அந்த ஊரில் டீசல் எங்கே நல்லது, எந்த மெக்கானிக்கை நம்பலாம், கழிமுகத்தில் இப்போது எந்தப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

தரை தட்டிய கதையையும் சொல்கிறேன், உங்களுக்கு அது உபயோகப்படும். ஜார்ஜியாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு முதல் ஒன்பது அடி வித்தியாசம். நவம்பர் நடுவில், காலை ஒன்பது மணி, ஏற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. லிட்டில் மட் ரிவர் என்ற ஓடையில் ஒரு வளைவை நான் உள்பக்கமாக எடுத்தேன். தவறு என்னுடையது. வளைவின் வெளிப்பக்கம்தான் ஆழம் என்று பத்து வருடமாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். சேற்றில் ஏறி நின்றது தெரிந்ததும் பின்னால் எடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கள் படகின் அடிக்கட்டை ஐந்து அடி ஆழம் கேட்கும். அரை மணி நேரத்தில் படகு சாய ஆரம்பித்தது.

அப்போது நண்டுக்கூடு தூக்கும் ஒரு சின்னப் படகு வந்தது. அறுபது வயதிருக்கும், முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கையுறையில் சேறு. நான் கயிற்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீரைப் பார்த்தார், கரையோரப் புல்லில் ஈரம் இறங்கியிருந்த கோட்டைப் பார்த்தார். "இப்போது இழுத்தால் ஏதாவது உடையும், படகு வராது. ஐந்து மணிக்குத் தானே மிதக்கும்" என்றார். பிறகு எங்கள் நங்கூரத்தைத் தன் படகில் ஏற்றச் சொன்னார். ஆழமான பக்கமாகப் போய், கயிறு விட்டவரைக்கும் விட்டு, அங்கே இறக்கினார். நீர் ஏறும்போது காற்றோ நீரோட்டமோ எங்களை இன்னும் மேட்டில் தள்ளிவிடாமல் இருக்க அது. சாயும் பக்கத்து ஜன்னல்களையும் காற்றுக் குழாய்களையும் அடைக்கச் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை. நீர் திரும்பி ஏறும்போது படகு நிமிர்வதற்குள் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து மூழ்கிய படகுகள் உண்டு. அரிசி டப்பாவையும் கேஸ் வால்வையும் பார்த்துக்கொள்ளும்படி என் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தன் கூடுகளைத் தூக்கப் போய்விட்டார்.

மதியம் ஒரு மணிக்குப் படகு சேற்றின் மேல் பக்கவாட்டில் படுத்திருந்தது. நாங்கள் தரையில் உட்காராமல் சுவரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். ஐந்து மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது, வெளிச்சம் மங்கும் நேரம், அந்த இன்ஜின் சத்தம் மறுபடி கேட்டது. ஃபாயில் தாளில் சுற்றிய சோள ரொட்டி கொண்டுவந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு எங்களுக்காகவே திரும்பி வந்திருக்கிறார். மிதந்ததும் நங்கூரத்தை நாங்களே இழுத்து வெளியே வந்தோம். முன்னால் விளக்கோடு அவர் போக, பின்னால் நாங்கள் போய், ராத்திரி நிற்கத் தோதான ஆழத்தில் நங்கூரம் போட்டோம். பணம் கொடுத்தேன், தலையை ஆட்டிவிட்டார். என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தாள், காரம் என்று எச்சரித்து. அதை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இதிலிருந்து சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அவரைப் போல இருக்கத் தேவையில்லை. தன் படகுக்கும் ஆட்களுக்கும் பெரிய ஆபத்து இல்லாதவரை, கடலில் உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றுவது படகை நடத்துபவரின் கடமை என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அது உயிருக்கு. உடைமைக்குச் சட்டம் வேறு. ஆபத்தில் இருக்கும் படகை ஒருவர் தானாக முன்வந்து மீட்டால், படகின் மதிப்பை வைத்து அவர் மீட்புக்கூலி கேட்கலாம். சாதாரணமாக இழுத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் தொகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே தொழில்முறை இழுவைப் படகு வந்தால் கயிற்றை வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது டோவா (சாதாரண இழுவை), சால்வேஜா (மீட்பு)?" பதிலை மனைவியும் கேட்கும்படி இருக்கட்டும், நேரத்தைக் குறித்து வையுங்கள். டோபோட் யூஎஸ், சீ டோ என்ற இழுவைச் சேவைகள் இரண்டில் ஒன்றில் கிளம்புமுன்பே உறுப்பினர் ஆகிவிடுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு ஒரு சின்ன இழுவைக்கே பல நூறு டாலர் ஆகும். உயிராபத்து இல்லாவிட்டால் கடலோரக் காவல்படை வந்து இழுக்காது. உங்கள் நிலைமையை ரேடியோவில் அறிவித்து அருகில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். பலருக்குத் தெரியாத இன்னொன்று: இந்த இழுவைப் படகுக் கேப்டன்களை முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளை உங்கள் பக்கம் வருகிறோம், ஐந்தடி ஆழம் வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நாங்கள் கேட்டவர்கள் எல்லோரும் பொறுமையாகச் சொன்னார்கள்.

தோல் நிறத்தைப் பற்றி. மூன்று பயணத்திலும் எங்களை யாரும் அவமதித்ததில்லை. முறைத்துப் பார்த்தவர்கள் உண்டு, ஒரு துறையில் எங்களிடம் மட்டும் பதிவுக் காகிதம் கேட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றியதும் உண்டு. இதை வைத்து உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் படகில் வருபவனுக்கு ஓர் அடையாளம் தானாகக் கிடைக்கிறது: நீ எந்தப் படகு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. ரேடியோவில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, படகின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எச்சரிக்கைக்கு என் மனைவி வைத்திருக்கும் விதி ஒன்று: இருட்டிய பிறகு முகம் தெரியாத யாரும் எங்கள் படகில் ஏறக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பேச வேண்டுமா, விடிந்ததும் துறையில் பேசலாம். ஒரு தடவை இரவு பத்து மணிக்கு ஒருவர் டிங்கியில் (சின்னத் துணைப் படகில்) வந்து படகைத் தட்டினார். அவள் விளக்கை அவர் முகத்தில் படாமல் படகில் படும்படி அடித்து, "காலையில் வாங்க சார்" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள். அவர் போய்விட்டார். காலையில் வரவில்லை. உதவிக்கு வந்தாரா, வேறு எதற்காவது வந்தாரா, எங்களுக்குத் தெரியவே போவதில்லை. அந்த விதியை நாங்கள் இன்றும் தளர்த்தவில்லை.

இருவராகப் போவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியில் "நான் ஓட்டுவேன், அவள் கூட வருவாள்" என்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் அவர் இன்ஜினை நிறுத்தி, படகைத் திருப்பி, விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் 'மேடே' என்ற உயிராபத்து அழைப்பைச் சொல்லி, உங்களை ஏற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அருகில் இருக்கும் அந்நியர் உதவிக்கு வர, முதலில் அவரைக் கூப்பிட ஆள் வேண்டும். துறைக்கு வரும்போது ஒரு நாள் நீங்கள் சுக்கான், மறுநாள் அவர். முன்னும் பின்னும் நின்று கத்தாமல் பேசிக்கொள்ள, தலையில் மாட்டும் ரேடியோ ஒன்று கிடைக்கிறது. படகுக்காரர்கள் அதை 'திருமணம் காப்பான்' என்று அழைப்பார்கள். எங்கள் முதல் பயணத்தின் பாதிச் சண்டை அது வாங்கியதும் நின்றது.

நீங்கள் கொடுக்க வேண்டியதும் உண்டு. வேகப் படகு ஒன்று உங்களைத் தாண்ட வேண்டி ரேடியோவில் கேட்டால், நீங்கள் இன்ஜினைக் குறைத்து ஏறக்குறைய நின்றுவிடுங்கள். அப்போதுதான் அவராலும் அலை எழுப்பாமல் மெதுவாகத் தாண்ட முடியும். பாலத்தைத் திறப்பவரைக் கூப்பிடும்போது பாலத்தின் பெயரையும் உங்கள் படகின் பெயரையும் சொல்லுங்கள், தாண்டியதும் நன்றி சொல்லாமல் போகாதீர்கள். பாலங்களைக் கூப்பிட வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் சேனல் 13, தென் கரோலினா முதல் ஃப்ளோரிடா வரை சேனல் 9. அடுத்த படகு துறைக்கு வரும்போது கையிலிருக்கும் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்க் கயிறு வாங்குங்கள், அவர் சொல்லும் விதத்திலேயே கட்டுங்கள்.

கிளம்பும் நாளை முடிவு செய்யுமுன் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். புயல் பருவம் நவம்பர் 30 வரை. நவம்பர் 1-க்கு முன் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே போகக் கூடாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. அக்டோபர் கடைசியில் நார்ஃபோக்கை விட்டால் சரியாக இருக்கும். டிஸ்மல் சுவாம்ப் கால்வாய் 2016-இல் மேத்யூ புயலுக்குப் பிறகு நெடுநாள் மூடிக் கிடந்தது, அதனால் திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். மூடியிருந்தால் வர்ஜீனியா கட் என்ற மாற்று வழி இருக்கிறது, அதில் எலிசபெத் சிட்டி வராது. இன்னொன்று: வழியிலுள்ள நிலையான பாலங்களின் உயரம் 65 அடி என்பது கணக்கு, வட கரோலினாவின் வில்கர்சன் பாலம் 64 அடிதான் என்று பெயரெடுத்தது, மியாமியின் ஜூலியா டட்டில் பாலம் 56 அடி. உங்கள் பாய்மரம் ஆண்டெனாவோடு சேர்த்து நீர்மட்டத்திலிருந்து எத்தனை அடி, அடிக்கட்டை எத்தனை அடி என்று அளந்து இங்கேயே எழுதுங்கள். எந்தெந்த இடத்தை எந்த நேரத்து ஏற்றத்தில் தாண்டலாம் என்று நாள்வாரியாகக் குறித்துத் தருகிறேன்.